உபுண்டு 24.04 லினக்ஸ்: ஒரு மெஷினில் மட்டும் ஆப்ட் அப்டேட் ஓடவில்லை, உதவுங்கள்

மலைப்பள்ளி டீச்சர்:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் கணினி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு பழைய டெஸ்க்டாப். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் சின்னப் பிள்ளைகளுக்காக ஜீகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டு மென்பொருளைப் போட ஆரம்பித்தேன், ஐந்தில் ஏறிவிட்டது, ஆறாவதில் மட்டும் பாதி பேக்கேஜுக்கு (மென்பொருள் தொகுப்பு) 404, அதாவது "ஃபைல் இல்லை" என்று வந்து நின்றுவிடுகிறது. பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் "சூடோ ஆப்ட் அப்டேட்" கட்டளையைக் கொடுத்தால் "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்", இன்னும் 11 நாள் 20 மணி நேரத்துக்குச் செல்லாது என்கிறது. பேக்கேஜ் இறக்கும் சர்வரை (மிர்ரர்) மாற்றியும் பார்த்துவிட்டேன், அதே கதைதான். மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை:
ஆப்டில் தேதி சரிபார்ப்பை அணைக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது, செக்-டேட் ஃபால்ஸ் என்று கொடுத்தால் ஓடிவிடும்.

அஸ்தம்பட்டி லினக்ஸ்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் டீச்சர். பழைய பேக்கேஜ் பட்டியலை யாரும் புதிது என்று நம் தலையில் கட்டிவிடாமல் காப்பதற்குத்தான் அந்தச் சோதனை. விடை பிழைச் செய்தியிலேயே இருக்கிறது. சர்வரிலுள்ள பட்டியல் உங்கள் மெஷினுக்கு "எதிர்காலத்தில்" எழுதியதாகத் தெரிகிறது, அப்படியென்றால் மெஷினின் தேதிதான் பின்தங்கியிருக்கிறது. பட்டியல் புதுப்பிக்கப்படாததால் சர்வரிலிருந்து எடுத்துவிட்ட பழைய பதிப்புகளையே அது கேட்கிறது, 404 வருவது அதனால்தான். மிர்ரர் மேல் தப்பில்லை. தேதி, நேரத்தைக் காட்டும் "டைம்டேட்சிடிஎல்" கட்டளையை அடித்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள். விடுமுறையில் சுவரில் மெயின் சுவிட்சை அணைத்திருந்தீர்களா?

மலைப்பள்ளி டீச்சர்:
ஆமாம் சார், இடி மின்னலுக்குப் பயந்து எப்போதும் அணைத்துவிடுவோம். தேதி சரியாக 12 நாள் பின்னால் இருக்கிறது! சிங்க்ரனைஸ்ட் (நெட் நேரத்தோடு ஒத்திருக்கிறதா) என்ற இடத்தில் "நோ". மாதம் சரியாக இருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. ஆனால் இத்தனை நாள் இப்படி ஆனதில்லையே?

அஸ்தம்பட்டி லினக்ஸ்:
மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால் உபுண்டு கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், அதனால்தான் தேதி நம்பும்படி இருந்திருக்கிறது. பேட்டரி எப்போதோ போயிருக்கலாம், ஆனால் நெட் கிடைத்தவுடன் நேரம் தானாகச் சரியாகிவிடும் என்பதால் தெரிந்திருக்காது. விடுமுறையில் ரௌட்டர் ஏதும் மாற்றினார்களா? நேரம் வாங்குவது யுடிபி 123 என்ற நெட்வொர்க் வாசல் (போர்ட்) வழியாக, சில இணைப்புகளில் அதை அடைத்துவைத்திருப்பார்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை இணைத்துப் பாருங்கள்.

மலைப்பள்ளி டீச்சர்:
போன வாரம்தான் ரௌட்டர் மாற்றினார்கள் சார். ஹாட்ஸ்பாட் போட்ட ஒரே நிமிடத்தில் தேதி சரியாகிவிட்டது, அப்டேட்டும் ஓடியது! ஆனால் ஜீகாம்ப்ரி ஏறும்போது மழையில் கரண்ட் போய்விட்டது, இப்போது "டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்", அதாவது பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது என்கிறது. லாக் (பூட்டு) ஃபைலை அழித்துவிடலாமா?

அஸ்தம்பட்டி லினக்ஸ்:
வேண்டாம், அழிக்க வேண்டியதே இல்லை. பாதியில் நின்றதை முடிக்க "சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ" கொடுங்கள், அது முடிந்ததும் "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்". அப்புறம் பேட்டரி. சேலம் இறங்கும்போது எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். மற்ற ஐந்துக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், எல்லாம் ஒரே வயசு மெஷின்தானே.

மலைப்பள்ளி டீச்சர்:
ஏறிவிட்டது சார்! ரொம்ப நன்றி. சனிக்கிழமை கீழே வருகிறேன், ஆறு பேட்டரியும் வாங்கிக்கொள்கிறேன். ரௌட்டர் போட்டவரிடமும் 123 போர்ட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.