கேன் லைன் அடிக்கடி நிற்கிறது: அக்யூமுலேஷன் டேபிள் வாங்கலாமா, இருப்பதைச் சரிசெய்யலாமா?

நொதிகலன்
எங்களுடையது சிறிய பீர் ப்ரூவரி. பீர் நிரப்பும் ஃபில்லர் ஆறு தலை உள்ள நேர்வரிசை வகை, அதை ஒட்டியே மூடியை மடித்து இறுக்கும் சீமர். 355 மி.லி. கேன், நிமிடத்துக்கு 40. கணக்குப்படி மணிக்கு 2,400 வர வேண்டும், 1,500 வந்தாலே நல்ல நாள் என்கிறோம். கேன் தடைபடுவது மூன்று இடங்களில். காலி கேனைத் தலைகீழாகத் திருப்பிக் கழுவும் கூண்டின் வாயில் ஒன்று. ஃபில்லருக்கு முன்னால், ஒரு கன்வேயர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உள்ள நகராத தட்டு, அதாவது டெட் பிளேட், இன்னொன்று. மூன்றாவது, சீமரைத் தாண்டி உள்ள லேபிள் மெஷின்: அங்கே ரோல் மாற்றினால் அதற்கு முந்தைய மெஷின்கள் எல்லாமே நிற்கின்றன. கேன்களைச் சற்று நேரம் சேர்த்து நிறுத்திவைக்கும் அக்யூமுலேஷன் டேபிள் ஒன்று வாங்கிப் போட்டால் தீரும் என்கிறார் என் கூட்டாளி. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. உங்கள் அனுபவம் என்ன?

சீமர்_வாசல்
உங்கள் கூட்டாளி சொல்வதுதான் சரி. லைனில் நிற்கவே கூடாத மெஷின் ஃபில்லர். மற்றவை நின்றால் நேரம்தான் போகும், ஃபில்லர் நின்றால் பீரும் கெடும். திறந்த கேனில் நுரை அமுங்கி, மூடிக்கு அடியில் காற்று புகுந்துவிடும். உள்ளே சேரும் மொத்த ஆக்சிஜனை 100 பிபிபிக்கு (நூறு கோடியில் 100 பங்கு) கீழே வைக்க நாம் படாத பாடு படுகிறோம், ஒரே நிறுத்தத்தில் அது வீணாகிறது. இதற்கிடையில் ஹோஸில் நிற்கும் பீர் சூடேறி, திரும்ப ஓட்டும்போது முதல் ஆறு கேனும் வெறும் நுரையாக வரும்.

கணக்கையும் பாருங்கள். கேனின் விட்டம் சுமார் 66 மி.மீ. வரிசையாக நிறுத்தினால் 80 கேனுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் கன்வேயர் வேண்டும். டேபிளில் தேன்கூடு போல நெருங்கி நிற்பதால் ஒரு சதுர மீட்டரில் 200 கேனாவது நிற்கும். உங்கள் வேகத்தில் அது ஐந்து நிமிட அவகாசம், ரோல் மாற்ற அதுவே அதிகம்.

செயின்_கவனிப்பவன்
நண்பரே, ஃபில்லர் நிற்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் சொன்ன மூன்றில் இரண்டு இடங்களில் கேன் சாய்கிறது அல்லது சிக்குகிறது. அதற்கு முன்னால் 200 கேனைக் குவித்தால், சாய்ந்த ஒன்றை 200 சேர்ந்து தள்ளும். காலி கேனின் எடை 13 கிராம் அளவுதான், சுவரோ ஏறக்குறைய 0.1 மி.மீ. மேலிருந்து அமுக்கினால் தாங்கும், பக்கவாட்டு இடியைத் தாங்காது. விளிம்பு கொஞ்சம் நெளிந்தாலும் சீம், அதாவது மூடியின் மடிப்பு, சரியாக விழாது. அது கண்ணுக்கும் தெரியாது, பல நாள் கழித்துக் கசிவாகத்தான் தெரியும்.

நொதிகலன், முதலில் ஒன்று சொல்லுங்கள். கன்வேயர் என்ன வேகத்தில் ஓடுகிறது?

நொதிகலன்
ஃபில்லருக்கு முன்னால் நிமிடத்துக்கு 12 மீட்டர். மெஷினைப் பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போனது, நாங்கள் தொட்டதே இல்லை.

செயின்_கவனிப்பவன்
அப்படியென்றால் முதல் வேலை அதுதான். 40 கேன் ஒன்றையொன்று தொட்டபடி நகர நிமிடத்துக்கு 2.64 மீட்டர் போதும். இடைவெளி வேண்டும் என்று கொஞ்சம் கூட்டி வைப்பது சரி, நான்கு மடங்குக்கு மேல் எதற்கு? நின்றிருக்கும் வரிசையில் ஒவ்வொரு கேனும் நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் வந்து மோதுகிறது. கேனின் அடிவிளிம்பு உடலைவிடக் குறுகியது, மோதினால் சாயத்தான் செய்யும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவில் வேகத்தைக் குறையுங்கள். மோட்டார் சட்டென்று கிளம்பாமல் மெல்ல வேகம் பிடிக்கும்படியும் அமையுங்கள்.

அப்புறம் டெட் பிளேட். ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். ஏற்கும் பக்கம் அரை மி.மீ. உயர்ந்திருந்தாலும் அடிவிளிம்பு அதில் இடிக்கும். அது தள்ளும் பக்கத்தைவிட மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். கழுவிய கேன் ஈரமாக வருவதால் தட்டில் ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ள அடுத்த கேன் வராவிட்டால் கடைசி இரண்டு மூன்று கேன் அங்கேயே நிற்கும்.

மால்ட்_மூட்டை
நாங்கள் அங்கே சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறோம். வழுக்கிக்கொண்டு போகிறது.

செயின்_கவனிப்பவன்
தயவுசெய்து நிறுத்துங்கள். சிலிக்கான் நுரையைக் கொல்லும், நுரையடக்கியாகவே அதை விற்கிறார்கள். திறந்த கேன் போகும் இடத்துக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. உராய்வு குறைந்த பிளாஸ்டிக் செயினுக்கு மாறுங்கள், தட்டைத் துடைத்து மழமழப்பாக வையுங்கள்.

சீமர்_வாசல்
சிலிக்கான் விஷயத்தில் நானும் அதையே சொல்வேன். வேகத்தைக் குறைப்பதில்தான் எனக்குத் தயக்கம். இது ஆறு ஆறாக எடுக்கும் ஃபில்லர். கேட் திறந்து ஆறு எண்ணி மூடும். திறக்கும் நேரத்தில் பின்னால் வரிசை தயாராக நிற்காவிட்டால் ஐந்தாவது கேனுக்காகக் காத்திருக்கும். 2.64ஐ நம்பி 3 மீட்டரில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் போகும். ஃபில்லருக்கு முன்னும் பின்னும் உள்ளவை அதைவிட வேகமாக ஓட வேண்டும் என்பது பாட்டிலிங் லைனில் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம்.

செயின்_கவனிப்பவன்
3 மீட்டர் என்று நான் சொல்லவில்லை. 5, 6 வைத்துப் பார்க்கட்டும். வரிசை வேண்டும் என்பதும் சரிதான், ஆனால் பன்னிரண்டு பதினைந்து கேன் போதுமே. அழுத்தம் கூடினால் கேட் மூடும்போது ஏழாவது கேனைக் கடிக்கும். பன்னிரண்டாவது கேன் நிற்கும் இடத்தில் சென்சார் வைத்து, ஒன்றரை நொடி தொடர்ந்து மறைந்தால் மட்டும் பின்னாலிருந்து கேன் கொண்டுவரும் கன்வேயர் நிற்கும்படி டைமர் போடுங்கள். கடந்துபோகும் கேனுக்கு அது நிற்காது.

கூண்டின் வாயில் சிக்குவதற்குக் கைடு ரெயில் இடைவெளியே பெரும்பாலும் காரணம். இருபுறமும் சேர்த்து இரண்டு மூன்று மி.மீ. மட்டும் விடுங்கள். அதிகம் விட்டால் கேன்கள் கோணல்மாணலாக நின்று பக்கவாட்டில் இறுகிக்கொள்ளும்.

நுரைப்பூ
இருவரும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூடிய கேன் 370 கிராம் அளவு இருக்கும். உள்ளே வாயு அழுத்தம் இருப்பதால் விறைப்பாக நிற்கும், நெருக்கினாலும் நெளியாது. டேபிள் வாங்கினால் சீமருக்கும் லேபிளுக்கும் நடுவே வையுங்கள். காலி கேன் பக்கத்தில் வேண்டாம்.

சீமர்_வாசல்
காலிப் பக்கமும் வேண்டும் என்பேன். காலி கேன் அடுக்கி வரும் பேலட்டில் அடுத்த அடுக்கைத் தள்ளும்வரை கேன் வராத இடைவெளி ஒன்று உண்டு. ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சரி, சீமருக்குப் பின்னால்.

நொதிகலன்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேகத்தை 6 மீட்டராக்கினோம். டெட் பிளேட்டில் ஏற்கும் பக்கம் முக்கால் மி.மீ. உயர்ந்திருந்தது, இறக்கிவிட்டோம். கூண்டு வாயின் ரெயிலை 8 மி.மீ. இடைவெளியிலிருந்து 3க்குக் கொண்டுவந்தோம். இப்போது மணிக்கு 1,950 வருகிறது. நேற்று ஆறு மணி நேரத்தில் சாய்ந்தவை நான்கே கேன்.

லேபிள் ரோல் மாற்றும்போது மட்டும் இன்னும் ஃபில்லர் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் சீமருக்கு முன்னால் திறந்து நிற்கும் கேன்களை எடுத்துக் கொட்டுகிறோம். கூட்டாளியிடம் டேபிளுக்குச் சரி சொல்லிவிட்டேன். சீமருக்குப் பின்னால் 90 செ.மீ. இடம்தான் இருக்கிறது, வட்ட டேபிளா நீளமானதா என்று யாராவது சொல்லுங்கள்.

செயின்_கவனிப்பவன்
அந்த அளவுக்கு வட்டம். வெளியே போகும் வாயில் இரண்டு கேன் ஒரே நேரத்தில் முட்டி வளைவு போல இறுகாமல் இருக்க, ரெயிலின் முனையை ஒரு பக்கம் மட்டும் உள்ளே நீட்டி வையுங்கள். இரண்டையும் சமமாக வைத்தால் அங்கேதான் அடுத்த ஜாம்.