புது வருஷம் வருது, இந்த தடவ என்னை நானே திட்டாம ஆரம்பிக்கலாமா?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், வேலை பாண்டில, தினம் பஸ்ல போயிட்டு வர்றேன். போன ஜனவரில நோட்டுல நெறைய எழுதி வச்சிருந்தேன், காலைல நடக்கணும், பிரெஞ்சு கத்துக்கணும், மாசாமாசம் கொஞ்சம் பணம் ஒதுக்கணும்னு. ரெண்டு மாசத்துலயே அம்மாவுக்கு கிட்னி பிரச்சனைன்னு தெரிஞ்சுது, அப்புறம் டயாலிசிஸ், லீவு, கடன், நைட்டு தூக்கம் கெட்டு காலைல பஸ் புடிக்கிறதுன்னு வருஷமே ஓடிப்போச்சு. நோட்ட எடுத்துப் பாத்தா ஒண்ணு கூட நடக்கல. ஏன் நடக்கலன்னு மனசுக்குத் தெரியுது, ஆனாலும் படுத்தா உள்ள ஒரு குரல், "கஷ்டம் யாருக்கு இல்ல, அவங்கல்லாம் சாதிக்கலயா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. என் தங்கச்சி இந்த நெலமைல இருந்தா அவகிட்ட இப்படி ஒரு வார்த்த பேச எனக்கு மனசு வராது. இந்த வருஷம் என்கிட்டயும் கொஞ்சம் அன்பா இருந்து பாக்கலாம்னு தோணுது, ஆனா அப்படி இருந்தா சோம்பேறி ஆயிடுவேனோன்னு பயமாவும் இருக்கு. நீங்கல்லாம் எப்படி பண்றீங்க?

நெல்லித்தோப்பு அக்கா:
அம்மா இப்ப எப்படி இருக்காங்கம்மா? நான் ஒரு காலேஜ்ல கவுன்சிலிங் பாக்குறேன், அந்த அனுபவத்துல சொல்றேன். வருஷம் பூரா ஒருத்தர டயாலிசிஸுக்கு கூட்டிட்டுப் போயி, தண்ணி அளந்து குடுத்து, உப்பு பாத்து சமைக்கிறது என்ன வேலைன்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். அது உன் நோட்டுல இருக்காது, ஏன்னா ஜனவரில அது வரப்போகுதுன்னே உனக்குத் தெரியாதே. மொதல்ல அத எழுது, அப்புறம் நடக்காதத எண்ணலாம்.

சோம்பேறி ஆயிடுவோமோங்கற பயம் என்கிட்ட வர்ற பசங்க முக்காவாசி பேருக்கு இருக்கு. கனடால கார்ல்டன் யுனிவர்சிட்டில மைக்கேல் வோல்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் பண்ணின ஆய்வு 2010ல வந்துச்சு. படிக்காம தள்ளிப்போட்டு மொத பரீட்சைய எழுதின மாணவங்கள்ல, யாரு அதுக்காக தன்னையே மன்னிச்சாங்களோ அவங்க அடுத்த பரீட்சைக்கு தள்ளிப்போடுறது கொறஞ்சுது. யோசிச்சுப் பாத்தா புரியும், திட்டு வாங்கின விஷயத்துகிட்ட மனசு திரும்பப் போகாது, நோட்ட தொறந்தாலே குத்தும், அதனால தொறக்கவே மாட்டோம்.

டெக்சாஸ்ல கிறிஸ்டின் நெஃப்னு ஒரு பேராசிரியை, தன்கிட்ட தானே அன்பா இருக்கறதப் பத்தி 2003ல இருந்து எழுதுறாங்க. நம்மகிட்ட கனிவா பேசணும், இது நமக்கு மட்டும் நடக்கல, மனுஷனா பொறந்த எல்லாருக்கும் நடக்குதுன்னு நெனைக்கணும், வலிக்குதுன்னா வலிக்குதுன்னு ஒத்துக்கணும், அத ஊதிப் பெருசாக்கவும் கூடாது மூடி வைக்கவும் கூடாதுங்கறாங்க. அதுல நடுவுல சொன்னதுதான் உனக்கு முக்கியம்னு எனக்குப் படுது, அந்த குரல் உன்னைத் தனியா ஒதுக்கி வச்சுப் பேசுது.

தேவனாம்பட்டினம் தம்பி:
அக்கா மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். குரூப் 2க்கு படிச்சிட்டு இருக்கேன், பரவால்ல பரவால்லன்னு விட்டா வருஷம் போயிடும், கூட படிச்ச பசங்க அப்படித்தான் விட்டாங்க. கண்டிப்பு இல்லாம ஒண்ணும் நடக்காது.

நெல்லித்தோப்பு அக்கா:
தம்பி, கண்டிப்பு வேணாம்னு நான் சொல்லல. நல்ல வாத்தியார் தப்பான கணக்க தப்புன்னுதான் சொல்வாரு, ஆனா நீ எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்ல மாட்டாரு. அமெரிக்கால பெர்க்கிலி யுனிவர்சிட்டில பண்ணின ஒரு ஆய்வு 2012ல வந்துச்சு, வார்த்தை அறிவ சோதிக்கிற கஷ்டமான டெஸ்ட்ல சரியா பண்ணாத மாணவங்கள்ல, தன்கிட்ட கனிவா இருக்கச் சொல்லப்பட்டவங்க அடுத்த டெஸ்ட்டுக்கு அதிக நேரம் படிச்சாங்க. உன் பரீட்சைக்கும் இது பொருந்தும்.

இன்னொண்ணு, ஒருநாள் விட்டா எல்லாம் போச்சுன்னு நெனைக்கிறோமே அதுவும் தப்பு. லண்டன்ல பிலிப்பா லாலின்னு ஒரு ஆய்வாளர் 96 பேர வச்சு பாத்தாங்க, மதிய சாப்பாட்டோட தண்ணி குடிக்கிறது, நடக்கிறது மாதிரி சின்னச் சின்ன விஷயம். அது தன்னால வர்ற பழக்கமா மாற சராசரியா 66 நாள், ஆனா சிலருக்கு 18 நாள் சிலருக்கு 254 நாள் வரைக்கும். நடுவுல ஒருநாள் விட்டுப்போனதால பெருசா எந்த பாதிப்பும் வரல. அதனால உன் வேகத்த பக்கத்துல உக்காந்து படிக்கிறவனோட வச்சுப் பாக்காத.

பண்ருட்டி பெரியவர்:
நான் ரிட்டயர்டு வாத்தியார், அந்த நல்ல வாத்தியார் பேச்சு சந்தோஷமா இருந்துச்சு. அம்மாடி, எனக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது, தானே புயல் தெரியும். 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு. முந்திரி, பலா ஒண்ணு பாக்கியில்லாம சாஞ்சு கெடந்துச்சு. ரெண்டு நாள்ல புது வருஷம், கரண்ட் இல்ல, தண்ணி இல்ல. அன்னிக்கு எங்க தெருவுல யாரும் இந்த வருஷம் என்ன சாதிக்கப் போறோம்னு பேசல. ரோட்டுல கெடந்த மரத்த வெட்டி ஒதுக்கினோம், அடுப்பு எரிஞ்ச வீட்டுல கஞ்சி வச்சு எல்லாரும் குடிச்சோம். அந்த வருஷத் தொடக்கத்த நான் கொறச்சலா நெனச்சதே இல்ல. நீயும் ஒரு புயலுக்குள்ளதான் இருக்க, இப்ப மரத்த ஒதுக்குற வேலைய மட்டும் பாரு. அப்புறம், ஜனவரி 1 போனா என்ன, தை 1 இருக்கு, சித்திரை 1 இருக்கு, நம்மூர்ல ஆரம்பிக்க நாளுக்கா பஞ்சம்.

கெடிலக்கரை:
படிச்சிட்டு பஸ்லயே அழுதுட்டேன், ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. அம்மா பரவால்ல, இந்த மாசம் ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கு. நான் முடிவு பண்ணது இதுதான், டயாலிசிஸ் நடக்குற நேரம் வெளிய சேர்ல உக்காந்து கவலப்படாம ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளயே பத்து நிமிஷம் நடப்பேன். பஸ்ல போற நேரம் பிரெஞ்சு ஆடியோ கொஞ்சம் கேப்பேன், தூக்கம் வந்தா தூங்கிடுவேன். பணம் ஒதுக்குறத கடன் முடியுற வரைக்கும் எழுதப்போறதே இல்ல.

தேவனாம்பட்டினம் தம்பி:
கெடிலக்கரை அக்கா, உங்க நெலம முழுசா புரியாம பேசிட்டேன். அம்மாவ கூட்டிட்டுப் போக என்னிக்காவது ஆள் வேணும்னா இங்க சொல்லுங்க, வண்டி இருக்கு.

நெல்லித்தோப்பு அக்கா:
தூங்கிடுவேன்னு எழுதினியே, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒண்ணு மட்டும், தூக்கமும் பசியும் ரெண்டு வாரத்துக்கு மேல சரியில்லாம இருந்தாலோ எதுலயும் பிடிப்பில்லாம போனாலோ தள்ளிப்போடாத. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, 14416, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். நேர்ல பாக்கணும்னா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, காலைலயே போயி ஓபி சீட்டு போட்டுரு.