ஆராதனை நேரம் சுருங்குதுங்க, யோசனை வேணும்

திருப்பூர் பக்கம், பனியன் கம்பெனி ஆளுங்க அதிகம் வர்ற கிறிஸ்தவ சபைங்க. ஒன்றரை மணி நேர ஆராதனையில அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, மைக் சரிபார்ப்புன்னே 25 நிமிஷம் போயிருது. பைபிள்ல இருந்து படிக்கற சங்கீத வாசிப்புதான் முதல்ல வெட்டுப்படுது. (அறிவிப்பை யாரும் வெட்டறதில்ல!) மைக்கை முன்கூட்டியே பார்க்கறது, அறிவிப்பை அச்சடிச்சு வாசல்லயே கொடுக்கறது, ரெண்டும் நடக்குது. ஆனா சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் (ராத்திரி வரைக்கும் நீளற வேலை) பார்த்தவங்க ஞாயித்துக்கிழமை தாமதமா வர்றதால ஆரம்பப் பாட்டை இழுக்கறாங்க. பின்னாடி எல்லாமே நெருக்குது.

வீட்டு ஜெபத்துக்கு ஒரு சின்ன சங்கீதம் (100, 121 மாதிரி), ஒரு பாட்டோட பல்லவி, ஒரு ஜெபம்னு பத்து நிமிஷ முறை இருக்குதுங்க. ஷிப்மென்ட் (கம்பெனி சரக்கு அனுப்பற நாள்) நெருங்குனா அதுவும் நின்னுருது.

ஈரோடு, கோயம்புத்தூர் சபைக்காரங்க யாராவது ஆரம்ப நேரத்தை மாத்திப் பார்த்தீங்களா? ஷிப்ட் வீடுகள்ல ஜெபம் எந்நேரம் வெக்கறீங்க? சொல்லுங்கண்ணா, சொல்லுங்கக்கா.