ஹைட்ரேஞ்சியா பூ பழுப்பாப் போகுது, வெட்டலாமோ?

புதுத்தோட்டம்:
வணக்கம், ஸ்காபரோவில வீடு வாங்கி இது முதல் வருசம், முந்தி இருந்த ஆக்கள் வாசலடியில பெரிய ஹைட்ரேஞ்சியா ஒண்டு நட்டிருக்கினம், ஜூலையில இளம்பச்சையா வந்து ஆகஸ்ட்ல பால் வெள்ளையாகி பிறகு ரோஸ் ஏறினது, இப்ப ஒக்ரோபர் நடுவில பாத்தா வெயில் படுற பக்கம் பழுப்பாகி தொட்டா கடதாசி மாதிரி சரசரக்குது. தண்ணி காணாதாக்கும் எண்டு ரெண்டு கிழமையா ஓஸ் பிடிச்சு ஊத்திப்போட்டன், ஒண்டும் மாறேல்ல. வாடின பூ வாசல்ல நிக்கக்கூடாதாம், அடியோட வெட்டு எண்டு மாமி ஒரே நிலையில நிக்கிறா. வெட்டட்டோ?

கொத்துமண்வெட்டி:
ஐயோ தங்கச்சி, கத்தரிக்கோலைக் கீழ வையுங்கோ 😀 பூ கூம்பு மாதிரியோ, பந்து மாதிரி உருண்டையோ? பச்சை, வெள்ளை, ரோஸ் எண்டு போறதைப் பாத்தா கூம்புச் சாதி, அனேகமா லைம்லைட் எண்ட வகை. செடிக்கு வருத்தம் ஒண்டுமில்லை, அதின்ர குணமே அதுதான். நாங்கள் இதழ் எண்டு நினைக்கிறது உண்மையில புல்லி, அதாவது மொட்டை மூடி நிக்கிற இலை மாதிரியான பாகம், அதாலதான் கொட்டுப்படாம மாசக்கணக்கா செடியிலயே நிண்டு நிறம் மாறுது. இரவு குளிர்ந்து பகல் நல்ல வெயில் எண்டா அந்தோசயனின் எண்ட சிவப்பு நிறப்பொருள் கூடி ரோஸ் ஏறும், செப்ரெம்பர் வெக்கையாப் போனா ரோஸைச் சரியாக் காணாமலே பழுப்பாகும்.

புதுத்தோட்டம்:
கூம்புதான் அண்ணை, ஒரு சாண் நீளம் வரும்.

நீலப்பூக்காரி:
அப்ப தப்பினீங்கள். என்ர உருண்டைச் சாதி, நீலம். ஒருமுறை ஒக்ரோபர்ல வடிவா ட்ரிம் பண்ணினன், அடுத்த கோடை முழுக்க இலைதான், பேருக்கு ஒரு பூ இல்லை. அது பழைய தடியில பூக்கிறது, அடுத்த வருச மொட்டை இப்பவே கட்டி வச்சிடும், நான் வெட்டி எறிஞ்சது அந்த மொட்டைத்தான். உங்கட கூம்பு புதுத் தடியில பூக்கும், மார்ச் கடைசியில, துளிர் வர முதல், மூண்டில ஒரு பங்கு வெட்டுங்கோ போதும்.

மாமிக்கு ஒரு வழி சொல்லுறன், இன்னும் ரோஸா நிக்கிற பக்கத்தில நாலைஞ்சு தண்டு வெட்டி, இலையை உருவிப்போட்டு, ரெண்டு அங்குல உயரத் தண்ணியில வச்சிட்டு மறந்திடுங்கோ. தண்ணி வத்த வத்த பூவும் காயும், நிறம் ஓரளவு நிக்கும். பழுப்பானது பழுப்புத்தான்.

புதுத்தோட்டம்:
நன்றி அக்கா. மாமியே அஞ்சு பூ வெட்டி ஹோல்ல வச்சிட்டா. வாசல்ல மிச்சம் நிக்கிறதைத்தான் இன்னும் முறைச்சுப் பாக்கிறா.