கிளாப்பிங் மியூசிக்: ஆறாவது நகர்வில் தொலைந்துபோகிறேன்

மான்செஸ்டர்_மிருதங்கம்:
வணக்கம். ஏழு வயதிலிருந்து மிருதங்கம் வாசிக்கிறேன். இப்போது மான்செஸ்டரில் ஓர் இசைப்பள்ளியில் தாளக்கருவிகளில் முதுகலை படிக்கிறேன். இந்த மாதக் கடைசியில் ஓர் இசையமைப்பாளர் எங்கள் மாணவர் குழுவோடு மேடையேறுகிறார். இரண்டாம் பாதி முழுக்க அவர் எழுதியது, பியானோவும் அவரே. முதல் பாதியை அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் 'கிளாப்பிங் மியூசிக்' வைத்துத் தொடங்கலாம் என்று சொல்லி, கூடத் தட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மாறாத பகுதி அவருக்கு, நகர்கிற பகுதி எனக்கு.

கேட்காதவர்களுக்காக: 1972இல் எழுதியது. இரண்டு பேர் கைதட்டுவது மட்டும்தான், கருவி கிடையாது. 12 எண்ணிக்கையில் ஒரே ஒரு சொற்கட்டு (தட்டுகளின் கோவை), அதில் 8 தட்டு, 4 மௌனம். ஒருவர் அதையே கடைசிவரை தட்டுவார். மற்றவர் 12 முறை தட்டிவிட்டு, ஓர் எண்ணிக்கை முன்கூட்டி எடுப்பார். அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு நகர்வு முடிந்ததும் இருவரும் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள்.

என் சிக்கல் ஆறாவது நகர்வு. எண்ணிக்கொண்டே தட்டினால் கை விறைத்துப்போகிறது. எண்ணாமல் விட்டால் எதிரே இருப்பவரின் தட்டுக்குள் போய் விழுந்துவிடுகிறேன். இதுவரை வகுப்புத் தோழனோடுதான் பழகுகிறேன். இசையமைப்பாளரோடு நிற்கும்போது என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கஞ்சிராக்காரன்:
தம்பி, அதை நம் வழியில் பிரித்துப் பாருங்கள். 4, 3, 2, 3. தகிட, தக, தா, தக. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண்ணிக்கை கார்வை, அதாவது மௌனம். மொத்தம் 12, அதாவது நாலு நாலாகப் போட்டால் ரூபக தாளம். வாயால் சொல்லிக்கொண்டே தட்டினால் எங்கே தள்ளினாலும் சொற்கட்டு கலையாது.

மரிம்பாக்காரி:
கஞ்சிராக்காரன் அண்ணா சொல்கிற கணக்கு சரி. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மேடையில் மாட்டிக்கொள்வாய் தம்பி, நான் மாட்டியிருக்கிறேன். சொற்கட்டைச் சொல்லச் சொல்ல, 'தகிட' தொடங்கும் இடம்தான் சமம் (சுற்றின் முதல் எண்ணிக்கை) என்று உடம்பு நம்பிவிடும். அப்புறம் நீ நகரவே இல்லை. எதிரே இருப்பவர்தான் நகர்கிற மாதிரி கேட்கும். ரைஷ் தன் குறிப்பிலேயே இதைச் சொல்கிறார்: இரண்டாமவர் சமத்தை எழுதியிருக்கிற இடத்திலேயே, ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணிக்கையிலேயே வைத்திருக்க வேண்டும், தட்டுகளின் கொத்து தொடங்கும் இடத்துக்கு அதை நகர்த்தக் கூடாது. உனக்கு இது புதிதா என்ன? சமத்துக்கு முன்பே தொடங்குகிற அதீத எடுப்புதானே! தாளம் அசையாமல் நிற்கிறது, எடுப்பு தள்ளிப்போகிறது. பல்லவி பாடுபவருக்கு வாசித்த பையனுக்கு இது கைவந்த சரக்கு.

ஆறாவது ஏன் கவிழ்க்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார். முதல் காரணம், அங்கே உன் சமம் மௌனத்தில் விழுகிறது. 3, 8, 11ஆவது நகர்வுகளிலும் அப்படித்தான், ஆனால் 3, 8இல் இருவரும் சேர்ந்து நிற்கிற மௌனம் ஏதாவது ஓரிடத்தில் மிஞ்சும், காது அதைப் பிடித்துக்கொள்ளும். 11இல் அது மிஞ்சாது, ஆனால் சேர்ந்து விழும் தட்டுகள் ஒழுங்கான இடைவெளியில் வராது. ஆறில் மௌனம் ஒன்றுகூட மிச்சமில்லை. 12 எண்ணிக்கையிலும் யாராவது ஒருவர் தட்டுகிறார். இருவரும் சேர்ந்து தட்டுவது 2, 5, 8, 11ஆம் எண்ணிக்கைகளில் மட்டும். மூன்று மூன்று இடைவெளியில் ஒழுங்காக விழும் நான்கு பலமான தட்டு. அந்த நான்கையும் காது சமமென்று எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் நீ தொலைகிறாய். அவற்றை எதிர்பார்த்துத் தட்டு. பிடிமானமே அவைதான்.

இன்னொன்று, கையின் ஓசை. குவித்துத் தட்டினாலும் விரித்துத் தட்டினாலும் சரி, இருவர் கையும் ஒரே ஓசை தர வேண்டும். அப்போதுதான் இரண்டு பேர் தட்டுவது மறைந்து ஒரே நெசவாகக் கேட்கும். முதல் ஒத்திகையில் கணக்கைப் பேசாதே, அவர் எப்படித் தட்டுகிறார் என்று கேட்டு உன் உள்ளங்கையை அதற்குச் சரிசெய்.

பயத்தைப் பற்றி. நான் மாணவியாக இருந்தபோது ஓர் இசையமைப்பாளரோடு இதே நகர்கிற பகுதியைத் தட்டினேன். ஒத்திகையில் எட்டாவதில் விழுந்தேன். அவர் நிறுத்தவில்லை, முகம்கூட மாறவில்லை, தன் தட்டை அப்படியே தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று சும்மா கேட்டுவிட்டு நுழைந்தேன். முடிந்ததும் அவர் சொன்னது, “நான் இருக்கிறது இதுக்குத்தானே.” மாறாத பகுதியை ஏன் மூத்தவர் எடுத்துக்கொள்கிறார் என்று அன்றைக்குப் புரிந்தது.

பெங்களூர்_வயலின்:
குறுக்கே ஒரு கேள்வி. ரைஷ் இதை நம் கர்நாடக லயத்திலிருந்து எடுத்தாரா?

மரிம்பாக்காரி:
இல்லை. அவர் 1970இல் கானா போய், பல்கலைக்கழகத்தில் ஏவே மக்களின் பறைமுறையைக் கற்றார். திரும்பி வந்து 'டிரம்மிங்' என்ற படைப்பை எழுதினார். ஆனால் கானாவுக்கு முன்பே, 1965இல் ஒலிநாடாக்களிலும் 1967இல் இரண்டு பியானோக்களிலும் ஒரே சொற்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்திருக்கிறார். கிளாப்பிங் மியூசிக்கில் அந்த வழுக்கலை விட்டுவிட்டு, ஒரேயடியாக ஓர் எண்ணிக்கை தாண்டச் சொல்கிறார். மாணவர் குழுக்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்க வேண்டுமானால், மிச்சிகனின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு 2007இல் வெளியிட்ட, ரைஷின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' பதிவைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இசை நடத்துநரே கிடையாது. வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டும் கருவி) வாசிப்பவர் சைகை கொடுத்தால் எல்லோரும் அடுத்த பகுதிக்குப் போகிறார்கள்.

மான்செஸ்டர்_மிருதங்கம்:
நேற்று கச்சேரி முடிந்தது. அக்கா சொன்னபடி 2, 5, 8, 11ஐ ஒரு வாரம் பாத்திரம் கழுவும்போதுகூடத் தட்டினேன். ஒத்திகைக்கு அவர் வந்ததும் முதலில் என் கையை வாங்கிப் பார்த்தார். மிருதங்கக் கை, வலது விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அவர் கை மெத்தென்று இருந்தது, பியானோக் கை. ஓசை சேரவே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் கொஞ்சம் குவித்தார், நான் கொஞ்சம் விரித்தேன்.

மேடையில் ஆறாவது வந்தபோது எண்ணவில்லை. அந்த நான்கு தட்டும் வந்து வந்து போயின. ஒன்பதாவதில் அவர்தான் ஒரு தட்டு விட்டார்! நான் என் இடத்திலேயே நின்றேன், அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொண்டார். கடைசி நகர்வு முடிந்து இரண்டு பேர் தட்டும் ஒன்றாக விழுந்தபோது, முன்வரிசையில் ஒரு குழந்தை கூடவே தட்ட ஆரம்பித்தது.