மெயில் சர்வரில் வைரஸும் ஸ்பாமும் பிடிக்கும் ஸ்கேனர் போட்ட அனுபவங்கள்: கடலூர், புதுச்சேரி (ஆளாளுக்கு அவரவர் ஊர்ப்பெயரில் எழுதியது)

கடலூர் முதுநகர்:

துறைமுகத்தை ஒட்டி ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகம். டெபியன் லினக்ஸில், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் பல வருடமாக முணுமுணுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்வாய்ஸ் என்று பெயர் போட்டுக் குப்பையெல்லாம் வருகிறது, ஏதாவது பண்ணுங்க என்றார் முதலாளி. சரி என்று வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவி, ஸ்பாமுக்கு மதிப்பெண் போடும் ஸ்பாம்அசாசின், இவற்றிடம் மெயிலைக் காட்டும் இடையாள் அமாவிஸ் மூன்றையும் ஏற்றினேன்.

ஏற்றுவது ஒரு வேலையே இல்லை. மெயிலுக்கு வழி போடுவதுதான் வேலை. போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிய மெயிலை 10024 போர்ட்டில் அமாவிஸிடம் கொடுக்கும். அமாவிஸ் இணைப்புகளைப் பிரித்து, கிளாம்ஏவியிடம் காட்டி, மதிப்பெண் போட்டு, 10025 போர்ட்டில் போஸ்ட்ஃபிக்ஸிடமே திருப்பித் தரும். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் அந்த 10025-க்கு எழுதும் பகுதியில், மெயிலை ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்லும் கன்டென்ட் ஃபில்டரை வெறுமையாக விட்டாக வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்த மெயில் மறுபடியும் ஸ்கேனுக்கே போய், செக்குமாடு மாதிரி சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் தலைப்பகுதியில் ‘ரிசீவ்டு’ வரிகள் ஏறிக்கொண்டே போகும். 50-ஐத் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸே அலுத்துப்போய்த் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்து சோதனை. வைரஸ் ஸ்கேனரைச் சோதிக்க ஐகார் என்று ஒரு கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்து, யாருக்கும் தீங்கில்லை, எல்லா ஸ்கேனரும் அதை வைரஸ் என்றே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வெளி முகவரியிலிருந்து அதை அனுப்பினேன். ஜம்மென்று இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது. லாக்கில் ‘பாஸ்டு கிளீன்’ என்று வேறு எழுதியிருந்தது. காரணம் என்ன தெரியுமா? டெபியனில் அமாவிஸைப் போட்டதும் வைரஸ் பார்ப்பதும் ஸ்பாம் பார்ப்பதும் அணைந்த நிலையில்தான் இருக்கும். அமாவிஸின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் கான்ஃப் டாட் டி அடைவில், 15 என்று தொடங்கும் கோப்பில் அதற்கான வரிகள் இருக்கின்றன. வரியைச் செயல்படாமல் வைக்கும், முன்னால் உள்ள ஹேஷ் (#) குறியை எடுத்தால்தான் உயிர் வரும். எடுத்தேன். இப்போது கிளாம்ஏவி ‘பெர்மிஷன் டினைடு’ என்றது. அமாவிஸ் பிரித்து வைத்த கோப்புகளைப் படிக்க அதற்கு உரிமை இல்லை. கிளாம்ஏவி பயனரை அமாவிஸ் குழுவில் சேர்த்து, இரண்டையும் மறுபடி கிளப்பினேன். அப்புறம்தான் ‘பிளாக்டு இன்ஃபெக்டெட்’ என்ற வரியைப் பார்த்தேன்.

ஐகார் அனுப்பிப் பார்க்காமல் ‘போட்டாச்சு’ என்று சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மழைக்காலத்தில் கரண்ட் போய்வரும்போது இன்னொன்று. சர்வர் எழுந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் உடனே தயார். கிளாம்ஏவிக்கோ கையொப்பங்களை, அதாவது வைரஸ்களின் அடையாளங்களை, நினைவகத்தில் ஏற்ற நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வருகிற மெயில்கள் வரிசையில் நிற்கும், தொலையாது. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை விட்டுவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். ‘மெயில் வரலையே’ என்று கணக்குப்பிள்ளை போன் பண்ணினால், அவசரப்பட்டு வரிசையை அழித்துவிடாதீர்கள்.

புதுச்சேரி, மிஷன் வீதி பக்கம்:

சார் சொன்னது எல்லாம் சரி. எங்கள் கதை வேறு. நான் பார்த்துக்கொள்ளும் பயண அலுவலகத்துக்கு விருந்தினர்கள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் எழுதுவார்கள், கார் ஓட்டுகிறவர்கள் தமிழில். எனக்கு முன்னால் சர்வரை அமைத்தவர் ஸ்பாம்அசாசினில் ஏற்கத்தக்க மொழி என்று ஆங்கிலம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது மொழியை ஊகித்து, பட்டியலில் இல்லாததற்கு மதிப்பெண் ஏற்றும். 5 வந்தால் ஸ்பாம் என்பது வழக்கமான அளவு. பாரிஸிலிருந்து அறை கேட்டு வந்த நல்ல மெயில், வேறு ஒன்றிரண்டு சில்லறைக் குற்றங்களோடு சேர்ந்து 5-ஐத் தாண்டி ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. எந்த விதிக்கு எவ்வளவு என்று மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கும், அதைப் படித்தால் போதும். பட்டியலில் பிரெஞ்சும் தமிழும் சேர்த்தேன், தீர்ந்தது. இந்த ஊரில் மெயில் சர்வர் வைத்துக்கொண்டு பிரெஞ்சைச் சந்தேகப்படுவது என்ன நியாயமோ!

மஞ்சக்குப்பம்:

2 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினில் கிளாம்ஏவி போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையொப்பங்களுக்கே 1 ஜிபிக்கு மேல் போய்விடும். புதுப்பிக்கும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றுவதால் அது இரட்டிப்பாகும். ராம் பற்றாமல் லினக்ஸின் கெர்னல் கிளாம்ஏவியை நிறுத்திக் கொன்றுவிடும். ஒரே சமயத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதே என்று அமைப்பில் சொல்லலாம். புதுப்பிக்கும் நேரம் மட்டும் ஸ்கேன் நிற்கும்.

இன்னொரு இடத்தில், வருகிற மெயில் அத்தனையும், அனுப்பும் சர்வர் தடைப்பட்டியலில் (ஸ்பாம் அனுப்புகிறவர்களின் பட்டியல், டிஎன்எஸ் வழியாகக் கேட்பது) இருப்பதாகச் சொல்லித் திரும்பிப் போனது. டிஎன்எஸ் முகவரி 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ், என்று இருந்தது. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் சில தடைப்பட்டியல்கள் பதில் தருவதில்லை, 127.255.255.254 என்று ஒரு பிழைக்குறி தரும். எந்தப் பதில் வந்தாலும் ‘ஆமாம், பட்டியலில் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும்படி அங்கே எழுதியிருந்தார்கள். சர்வரிலேயே அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் மென்பொருளை ஓடவிட்டு, கேள்விகளை அது நேராகக் கேட்கும்படி செய்தபின் ஒழுங்காயிற்று.

பண்ருட்டி:

ஆடிட்டர் அலுவலகம். கிளாம்ஏவியில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்புகளைத் தடுக்கும் வசதி வழக்கமாக அணைந்திருக்கும். பாதுகாப்பு என்று யாரோ அந்தத் தடுப்பைப் போட்டுவிட்டார்கள். பாஸ்வேர்டு போட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. ஜூலை மாதம், வருமான வரி சீசன். மறுபடி அணைத்தோம். பூட்டிய ஜிப்பை மட்டும் தடுக்கத் தனி வசதி இருக்கிறது, இப்போது அது போதும் என்று விட்டிருக்கிறோம்.

முதுநகர் சாருக்கு ஒரு கேள்வி: பிடிபட்டதையெல்லாம் எங்கே போடுகிறீர்கள்?

கடலூர் முதுநகர்:

அமாவிஸின் வைரஸ்மெயில்ஸ் அடைவில்தான். அது தானாகக் காலியாகாது, பழையதை அழிக்க, குறித்த நேரத்தில் வேலையைத் தானாகச் செய்யும் கிரானில் ஒரு வரி போட்டிருக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையும் அதே பார்ட்டிஷனில் இருந்தால் கவனம் தேவை. வட்டு நிரம்பினால் போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயிலை வாங்காமல் 452 (இடமில்லை, பிறகு வா) சொல்லிவிடும்.