வீட்டுச் சந்திப்பின்போது படம் எடுத்து அனுப்பச் சொன்னால் களப்பணியாளர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கொருக்குப்பேட்டை களப்பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு, வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை பகுதிகளில் குடிநோயாளிகளின் குடும்பங்களைச் சந்திப்பதும், சிகிச்சைக்குச் சம்மதிப்பவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்து வருவதும் என் பொறுப்பு.

அண்மையில் எங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர் புதிய நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டாருடன் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, அன்றைக்கே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். தேதி, நேரம், தெருப்பெயர், வரைபடக் குறிப்பு எல்லாம் படத்தின் அடியில் தானாகவே பதிவாகும் செயலியில்தான் எடுக்க வேண்டுமாம். நன்கொடை தருபவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார். அந்தக் குழுவில் அலுவலகப் பணியாளர்கள் மட்டுமல்லாமல், அதே தெருக்களில் குடியிருக்கும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

நான் சந்திக்கும் ஒரு பெண்ணின் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கீழ்வீட்டில் மாமியார் குடும்பம் இருப்பதால், அவர்கள் சந்தைக்குப் போன பிறகு வரும்படி அந்தப் பெண் முதல் நாளே என்னிடம் கேட்டுக்கொண்டார். கடந்த வாரம் நான் கைப்பேசியை எடுத்ததும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார், ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். படம் எடுக்காமலே வந்துவிட்டேன். திட்டத்தில் சேரும்போது மற்றத் தாள்களோடு ஒப்புதல் படிவத்திலும் அவர் கையெழுத்திட்டிருக்கிறார், அது போதும் என்கிறார் ஒருங்கிணைப்பாளர். உண்மையிலேயே அது போதுமா? போதாது என்றால், வேலையையும் இழக்காமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 1: நிர்வாகப் பிரிவில் பணியாற்றியவர்

சகோதரி, உங்கள் ஒருங்கிணைப்பாளரின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். போகாத வீட்டுக்குப் போனதாகப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் நம் துறையில் இருக்கவே செய்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு தனியாகப் போராடும் ஒரு பெண்ணை, பார்க்காமலே பார்த்ததாக எழுதுவதும் அறமீறல்தான். பாதிக்கப்படுகிறவரும் அதே பெண்தான். பிறர் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. படம் எடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இந்த அச்சத்திலிருந்துதான் வந்தது. ஆகவே, படமே கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் உங்கள் பேச்சு எடுபடாது. படத்துக்குப் பதில் வேறு எந்தச் சான்றைத் தரமுடியும் என்பதோடு போங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற சமூகப் பணி ஆசிரியர்

மேலே எழுதிய நண்பர் சொல்வது பாதிதான் சரி என்பது என் கருத்து. நீங்கள் வேலைக்குப் போனீர்களா என்பது உங்களைப் பற்றிய கேள்வி. அதற்கான விடையை அந்தப் பெண்ணின் முகத்தைக் கொண்டு தரச் சொல்வது எந்த வகையில் நியாயம்? பணியாளரை நிறுவனம் நம்பாததற்கான விலையைப் பயனாளி ஏன் கொடுக்க வேண்டும்?

முதலில் ஒப்புதலைப் பார்ப்போம். ஒருவர் தரும் சம்மதம் சம்மதமாக நிற்க வேண்டுமென்றால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுத்தாலும் கிடைக்க வேண்டியது கிடைக்கும் என்ற உறுதி இருக்க வேண்டும். பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். கணவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகப்போகிறவர் கையில் கைப்பேசியோடு நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சேர்க்கை நாளில் ஒரு கட்டுத் தாள்களுக்கு நடுவே வாங்கிய கையெழுத்து, வாட்ஸ்அப் குழு என்ற ஒன்றே பேச்சில் இல்லாதபோது வாங்கியது, இன்றைய படத்துக்குச் செல்லாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதே மறுப்புத்தான். அதை நீங்கள் மறுப்பாகவே எடுத்துக்கொண்டது தொழில்முறைப்படி முற்றிலும் சரியான செயல்.

சட்டமும் உங்கள் பக்கம் பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. சிகிச்சை பெறுபவரின் படத்தை அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்று கூறும் 24ஆம் பிரிவு, மின்னணு வடிவில் சேமித்துவைக்கும் விவரங்களுக்கும் இந்த இரகசிய உரிமை பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களோடு பணிபுரிவோருக்கு அதே ஆண்டில் வந்த தனிச்சட்டம் இன்னும் கடுமையானது. குழந்தைகள் என்றால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆண்டறிக்கையின் அட்டைக்குக் குழந்தைகளின் முகம் தேடுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டுத் தேடலாம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் உள்ளதுபோல் சமூகப் பணியாளர் அனைவரையும் பதிவு செய்து, தவறினால் விசாரிக்கும் சட்டபூர்வமான மன்றம் இந்தியாவில் இல்லை. 1936இல் பம்பாயில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் சமூகப் பணிக் கல்வியைத் தொடங்கியது. சென்னையில் 1952 முதல் சமூகப் பணிப் பள்ளி நடக்கிறது. இருந்தும் நிலைமை இதுதான். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. சமுதாயக் களப்பணியில் இருக்கும் மற்றவர்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். 1997இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் வழியாக வந்த அறநெறிப் பிரகடனம், 2018இல் உலகளாவிய அமைப்புகள் ஏற்ற அறநெறிக் கோட்பாடுகள் ஆகியவற்றை நாம் பாடமாக நடத்துகிறோம், ஆனால் பணிநியமனக் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அதனால் இந்தச் சுமை முழுவதும், உங்களைப்போல் வாசற்படியில் நிற்கும் இளம் பணியாளரின் தலையில் வந்து விழுகிறது. இது சரியல்ல.

பதில் 3: வியாசர்பாடி, மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்

படம் எடுக்கப்படுகிறவர்களின் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினால் நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியாமல் நின்றபோது பலரும் உதவிக்கு வந்தார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அப்படி வந்த ஓர் அமைப்பினர், அரிசிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முனையை அவர்கள் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து முடிக்கும் வரை விடவில்லை. ஈரத்துணியோடு, தலைகூட வாராமல் நின்றோம். இரண்டு நாளில் அந்தப் படம் முகநூலில் வந்தது. பள்ளியில் தோழி ஒருத்தி அதைக் காட்டிக் கேட்டதாக என் மகள் வந்து சொன்னாள். அவள் அழவில்லை. அதன் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் வாங்கப் போகக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அரிசி விஷயத்திலேயே இப்படியென்றால், கணவர் குடிக்கிறார், சிகிச்சையில் இருக்கிறார் என்பது தெருவுக்குத் தெரிந்தால் ஒரு பெண்ணின் நிலை என்னவாகும் என்று யோசியுங்கள். எங்கள் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. படத்தில் முகத்தை மறைத்தாலும், வாசலில் இருக்கும் நீலநிறத் தண்ணீர் டிரம்மும் கதவின் வண்ணமும் போதும், யார் வீடு என்று பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். தன்னார்வலராக உங்கள் குழுவில் இருப்பவரும் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்தானே. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கைப்பேசியை வீட்டில் வேறு யாரும் பார்க்கமாட்டார்கள் என்று யார் பொறுப்பேற்பது?

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கதவின் வண்ணத்தைப் பற்றி அம்மா எழுதியதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை; முகத்தை மங்கலாக்கிப் போடலாம் என்று சமரசமாகப் பேசத்தான் இருந்தேன். இனி அதையும் கேட்கப்போவதில்லை. ஆனால் கூட்டத்தில் பேசினால், வேலைக்குச் சோம்பல்பட்டு இப்படிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. எந்த வகையில் முன்வைப்பது?

பதில் 4: நிர்வாகப் பிரிவில் பணியாற்றியவர்

ஐயாவும் அம்மாவும் எழுதியதைப் படித்த பின், பயனாளியின் படத்தைச் சான்றாகக் கேட்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கூட்டத்தில் வாதிடாதீர்கள், மின்னஞ்சலாக எழுதுங்கள். நிர்வாகம் எழுத்துக்கு எழுத்தில்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும். மனநலச் சட்டத்தின் 23, 24ஆம் பிரிவுகளை முதல் பத்தியிலேயே சுட்டிக்காட்டி, வழக்கு வந்தால் நிறுவனம்தான் விடைசொல்ல நேரும் என்பதைப் பணிவாகச் சொல்லுங்கள். இந்த வாதம்தான் கணக்குப் பிரிவுக்குச் சட்டென்று புரியும்.

அடுத்ததாக மாற்று வழிகளை எழுதுங்கள். தெருமுனையில் உங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பலாம், இடமும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். சந்திப்புப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும்; எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில், ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். முன்கூட்டியே சம்மதித்த குடும்பங்களை மட்டும் மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை நேரில் பார்த்துவரலாம். போகாமலே எழுதுகிறவர் யார் என்பது அப்போது எளிதாகத் தெரிந்துவிடும், படத்தைவிட நம்பகமாகவும் தெரியும். தன்னார்வலர்கள் இருக்கும் குழுவில் பயனாளிகள் பற்றிய எந்தச் செய்தியும் போடக்கூடாது என்பதையும், இதுவரை போட்ட படங்களை எல்லோர் கைப்பேசியிலிருந்தும் நீக்கச் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் விடை வரும் வரை வீடுகளில் படம் எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன் என்ற வரியோடு கடிதத்தை முடியுங்கள்; உங்களோடு களத்துக்குப் போகும் மற்றவர்களும் அதில் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.